இரண்டு கதவுள்ள சாமான் அறை

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஒரு குடும்பப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்கு வீட்டுக் குறிப்பாகப் பிறந்திருக்க வேண்டியது. ‘கையைக் கடிக்காமல் சரக்கறையை நிரப்புவது எப்படி: கிராமத்துக் குடும்பங்களுக்கு எளிய யோசனைகள்’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆசிரியரிடம் இதைச் சொல்லவில்லை. தெரியாததை எழுத ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுத்தாளர்கள் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

ஆகவே தெரிந்தவரிடம் போனேன். எங்கள் தெருவில் எனக்கு அக்கா முறையாகும் ஒருத்தி இருக்கிறாள். அண்ணன் தம்பி இருவர் குடியிருக்கும் வீட்டின் மூத்த மருமகள். இந்தக் கதை முழுவதும் அவளைப் பெரியவள் என்றே சொல்லப்போகிறேன். பேர் போட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

“அக்கா, உங்க சரக்கறைய எப்படி நிரப்புறீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க,” என்றேன்.

புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“சரக்கு வைக்கிற ரூமா? அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்டுல கெடையாது. எவன் சொன்னான் உன்கிட்ட?”

விளக்கிச் சொன்னேன்.

“சாமான் ரூம்னு தமிழ்ல கேக்க வேண்டியதுதானே,” என்றாள்.

அதன் பிறகு குறிப்பு கொடுக்க ஆரம்பித்தாள். கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எந்தக் குறிப்பை எடுத்தாலும் அது ‘அந்தச் சின்னவ இருக்காளே’ என்ற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சின்னவள் என்பது இளைய மருமகள். பொழுது சாயும்போது என் கையில் குறிப்பு ஒன்றுகூட இல்லை, முழுசாக ஒரு கதை இருந்தது. பத்திரிகைக்கு அதையே அனுப்பினேன். ‘நன்றாக இருக்கிறது, யோசனைகள் எங்கே?’ என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அப்படித்தான் இது உங்கள் தலையில் விடிந்தது.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘கருமேகங்கள் கவிந்த அந்த மாலைப் பொழுதில், காலி டப்பாக்களை வெறித்துப் பார்த்தபடி அவள்

பெரியவளிடம் இதைப் படித்துக் காட்டினேன். “நான் எதையும் வெறிச்சுப் பாக்கல. டப்பாவக் கழுவிக் கவுத்து வச்சிருந்தேன். காயணும்ல,” என்றாள். அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

‘வறுமை என்பது ஒரு

இதையும் முடிக்கவில்லை. இப்படி ஆரம்பிக்கிற வாக்கியங்களுக்குச் சால்வை போர்த்துவார்கள். எனக்கு வியர்க்கும்.

‘வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.’

இதுதான் நிலைத்தது. இது உண்மையும்கூட. இரண்டையும் ஒட்டி வைத்தால் உருளை முளைவிட்டுவிடும், வெங்காயம் கொழகொழத்துவிடும், இரண்டும் சேர்ந்து நாறும். (வாசகரே, உங்கள் முகம் போகிற போக்கு தெரிகிறது. வெங்காயம் ஒரு மருமகள், உருளைக்கிழங்கு இன்னொரு மருமகள் என்று குறியீடு தேடக் கிளம்பிவிட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். அவை காய்கள். அழுகின. அதனால் ஒரு வீடு மழைக்காலம் முழுவதும் உருளைக்கிழங்கு இல்லாமல் இருந்தது. அவ்வளவுதான்.)

3

வீட்டைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் சாமான் அறை. அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு. ஒரு கதவு பெரியவளின் அடுப்படிக்குத் திறக்கும், மற்றது சின்னவளின் அடுப்படிக்கு. அண்ணனும் தம்பியும் தனித்தனியாக உலை வைக்க ஆரம்பித்தபோது எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள், இந்த அறையைத் தவிர. ஜன்னல் ஒன்றே ஒன்றுதான், அது சின்னவள் பக்கம். ஓடு ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான், அது பெரியவள் பக்கம். பிரித்தால் ஒருத்திக்குக் காற்று இருக்காது, இன்னொருத்திக்கு அரிசி நனையும். அதனால் பொதுவில் விட்டார்கள்.

அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறார், ஊர் வயல்களை வாடகைக்கு உழுது கொடுப்பார். தம்பி கொத்தனார். இருவரும் நல்லவர்கள். கதைக்கு அவ்வளவாக உதவ மாட்டார்கள்.

போன வருஷம் மழை பிடித்த சமயத்தில், பெரியவளின் உருளைக்கிழங்குக் கூடையை ஒட்டி ஒரு வெங்காய மூட்டை சாய்ந்து கிடந்தது. அவள் கவனித்தபோது கூடையின் அடியில் கையை விட முடியவில்லை. யார் வைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. தன் பக்கக் கதவில் நின்றுகொண்டு, காற்றைப் பார்த்து, “கண்ணு இருக்கறவங்க பாத்து வைப்பாங்க,” என்றாள்.

அந்தப் பக்கத்தில் சின்னவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவினாள். எழுந்து வந்து தன் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான். அது இன்னும் மோசம்.

அன்றோடு பேச்சு நின்றது.

4

எங்கள் ஊருக்கு வெளியே போக ஒரு தரைப்பாலம்தான் வழி. மழை வலுத்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். பிறகு ஊரில் பொருள் வாங்க மூலைக்கடை ஒன்றுதான். மூலைக்கடைக்காரர் அருமையான மனிதர், பாலம் தெரிகிற வரைக்கும். பாலம் முழுகியதும் அவர் தராசுக்குக் கனம் கூடிவிடும், விலைக்குக் கால் முளைத்துவிடும். அதனால் எல்லா வீட்டிலும் மழைக்கு முன்பே டவுன் மண்டிக்குப் போய் மூட்டை எடுத்துவந்து போட்டுவிடுவார்கள்.

இந்த வருஷம் பெரியவளால் முடியவில்லை. உழவு தொடங்குகிற நேரம் பார்த்து டிராக்டரின் கியர்பாக்ஸ் கையை விரித்தது. இருந்த பணமெல்லாம் மெக்கானிக்கிடம் போனது. சின்னவள் வீட்டிலும் அதே கதைதான். கொத்தனாருக்குக் கட்டி முடித்த வீட்டின் கூலி முழுசாக வரவில்லை. மண்டியில் முழு மூட்டையாக எடுத்தால் ஒரு விலை, பிரித்து வாங்கினால் வேறு விலை. முழு மூட்டைக்கு இவளிடமும் பணமில்லை, அவளிடமும் இல்லை.

பெரியவள் பருப்பில் கல் பொறுக்கியபடி யோசித்தாள். பாதி மூட்டை எடுக்கிற ஆள் வேண்டும். தன்னை மாதிரியே கையில் காசில்லாத, தன்னை மாதிரியே பார்த்து வாங்குகிற ஆளாக இருக்க வேண்டும். அப்படி ஒருத்தி கதவுக்கு அந்தப் பக்கமே இருந்தாள். அதுதான் எரிச்சல்.

பேசாமல் எப்படிக் கேட்பது? இதற்குத்தான் கொல்லையில் ஒரு கோழி இருந்தது.

(முதல் பிரதியில் இதைப் பூனை என்று எழுதியிருந்தேன். பூனைக்கு ஒரு கம்பீரம் உண்டே என்று. “பூனைகிட்ட போய் யாராவது அரிசி பத்திப் பேசுவாங்களா?” என்று பெரியவள் கேட்டாள். நியாயம்தான்.)

குருணையை இறைத்துக்கொண்டே பெரியவள் கோழியிடம் சொன்னாள்:

“கேட்டியா, மண்டியில முழு மூட்டையா எடுத்தா வெலை எறங்குது. பாதிய யாராச்சும் எடுத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது. எனக்கென்ன, சும்மா உனக்குச் சொல்றேன்.”

கோழி தின்றது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சின்னவள் திரும்பவில்லை.

“இந்தா கோழி,” என்றாள் அவள், ஒரு சட்டையை உதறியபடி. “காச மொதல்ல கையில வச்சாத்தான் வண்டியில ஏறுவோம். அப்புறம் தர்றேன்ங்கற பேச்சு நமக்கு ஆகாது.”

“நம்ம கோழிக்குக் கடன் சொல்லிப் பழக்கமில்ல.”

“பருப்பும் சேத்தா?”

“பருப்பும் சேத்துத்தான்.”

“வெள்ளிக்கெழம வண்டிக்குச் சொல்லிரலாம்.”

பேச்சுவார்த்தை முடிந்ததாக நினைத்தோ என்னவோ, கோழி குப்பைமேட்டுப் பக்கம் போய்விட்டது.

5

மண்டிக்குப் போன வண்டி ஒரு மினி லாரி. அதன் டிரைவருக்கு ஊரில் ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். வாழ்நாளில் அவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை என்பதால் வந்தது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில், நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி போனார்கள். சின்னவளுக்கு ஜன்னல் கிடைத்தது. பெரியவள் கியர் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டியில் கோழி இல்லை. இந்தச் சிக்கலை இருவருமே யோசித்திருக்கவில்லை.

“அவங்களுக்கு எந்த அரிசி வேணும்னு கேளுங்க,” என்றாள் பெரியவள் மண்டிக்காரரிடம்.

“அவங்களுக்கு எது வேணுமோ அதையே எடுத்துக்கச் சொல்லுங்க,” என்றாள் சின்னவள்.

மண்டிக்காரர் இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ஏம்மா, ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டித்தானே நிக்கிறீங்க. நான் என்ன தபால்காரனா?”

அவர் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து வைத்தார். இரண்டு கைகள் ஒரே நேரத்தில் உள்ளே போயின. இரண்டும் அடியிலிருந்து அள்ளின. இரண்டு வாயும் நாலு அரிசியைப் போட்டுக் கடித்துப் பார்த்தன. இரண்டு தலையும் ஒன்றாக ஆடின, வேண்டாம் என்று. அடுத்த மூட்டை. அதுவும் வேண்டாம். மூன்றாவது மூட்டையில் கை போய் வாய் அசைந்ததும் பெரியவள் விலையைக் கேட்டாள். அவர் சொன்னதில் பாதியைச் சின்னவள் சொன்னாள். பெரியவள் மூட்டையைத் தள்ளிவிட்டு நடப்பது போல் நடந்தாள். சின்னவள் அவளுக்கு முன்னால் நடந்தாள். மண்டிக்காரர் கூப்பிட்டார்.

“எத்தன வருஷமா சேர்ந்து கடைக்கு வர்றீங்க?” என்று கேட்டார், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

இருவரும் ஒரே நேரத்தில் காசை எண்ண ஆரம்பித்தார்கள்.

அரிசியும் பருப்பும் பொதுவில். மிச்சமிருந்த காசில் பெரியவள் தனக்கு ஒரு சிப்பம் சர்க்கரை எடுத்தாள். டிராக்டர்காரருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் டீ என்றால் பாகு மாதிரி இருக்க வேண்டும். சின்னவள் ஒரு மூட்டை கோதுமை மாவு எடுத்தாள். கொத்தனார் வேலைக்குக் கட்டிக்கொண்டு போவது ரொட்டிதான். இவ்வளவு மாவு எதற்கு என்று பெரியவள் நினைத்தாள். இவ்வளவு சர்க்கரை எதற்கு என்று சின்னவள் நினைத்திருப்பாள். (அவள் தலைக்குள் நான் போகவில்லை. இந்தக் கதையில் எனக்கு அனுமதி ஒரு தலைக்குள் போகத்தான்.)

6

நான் ஒரு நல்ல எழுத்தாளனாக இருந்தால் மழையை இரண்டு பக்கம் முன்பே வானத்தில் காட்டியிருப்பேன். மழை அப்படி வரவில்லை. பாதி வழியில், ஆளரவமில்லாத வெட்டவெளியில், தலைக்கு மேலே ஓட்டை விழுந்தது மாதிரி கொட்டியது.

அவசரம் வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் ஒரு தார்ப்பாய் இருந்தது. நன்றாக விரித்துப் பார்த்தால் தார்ப்பாயைவிட ஓட்டை அதிகம். அரிசியையும் பருப்பையும் மூடலாம். இன்னொரு மூட்டையை இழுத்து நுழைக்கலாம். அதற்கு மேல் இடமில்லை.

பெரியவள் பின்பக்கம் ஏறினாள். கால் வைத்த வேகத்தில் அவள் கை தன் சர்க்கரைச் சிப்பத்தைத்தான் பற்றியது. (இதை அவளே சொன்னாள். “நான் யோசிக்கல, கை போயிருச்சு,” என்றாள். கொஞ்சம் மழுப்பி எழுதட்டுமா என்று கேட்டேன். “வேணாம், போனது போனதுதான்,” என்றாள்.) சின்னவளும் ஏறினாள். அவள் சர்க்கரைச் சிப்பத்தின் மறுமுனையைப் பிடித்தாள்.

“மாவ வைங்க மொதல்ல,” என்றாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இது.

“மாவு நனைஞ்சா மேல மட்டும்தான் கட்டிக்கும். உள்ள அப்படியே இருக்கும். சர்க்கரை நனைஞ்சா இருக்கவே இருக்காது.”

“நனைஞ்ச மாவு போஸ்டர் ஒட்டத்தான் ஆகும். எங்க வீட்டுக்காரர் போஸ்டரா ஒட்டப் போறாரு?”

“சர்க்கரை இல்லாம என் பிள்ளைங்க டீ குடிக்காது.”

“என் புருஷன் டீய மட்டும் குடிச்சுட்டுச் செங்கல் தூக்குவாரா?”

“கையை எடு.”

“நீங்க எடுங்க.”

மழை அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிப்பத்தின் இரண்டு முனையிலும் நின்றார்கள். பிறகு ஒரு வருஷமாக மூடி போட்டு வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

“ஒரு வார்த்த பேசல நீ. ஒரு வருஷமா என் வாசல்ல தல காட்டல.”

“நீங்க கூப்பிட்டீங்களா?”

“நான் எதுக்குக் கூப்பிடணும்? வெங்காயத்தக் கொண்டாந்து என் கூடையில சாய்ச்சது நீ.”

“நான் சாய்க்கல.”

“பின்ன, அதுவா நடந்து வந்துச்சா?”

“உங்க வீட்டுக்காரர்தான் நகத்தி வச்சாரு. டிராக்டர் டயர வைக்க எடம் வேணும்னு. நான் பாத்தேன்.”

பெரியவளின் வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போனது.

“இத ஏன் அன்னைக்கே சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையேக்கா.”

இங்கே பெரியவள் மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். நான் எழுதியும் பார்த்தேன்: ‘அவள் கண்களில் பெருகியது மழையா, வேறு

கேட்கவில்லை. அவளுக்கு வந்தது கோபம். சின்னவள்மேல், டிராக்டர்காரர்மேல், டயர்மேல், ஒரு வருஷத்தை வீணாக்கிய தன் வாய்மேல். அந்தக் கோபத்தில் இன்னும் சத்தமாகச் சண்டை போட்டாள். சின்னவளும் விட்டுக்கொடுக்கவில்லை. வெங்காயத்தை விட்டுவிட்டு, கல்யாணமான புதிதில் யார் யாரை எப்படிப் பார்த்தார்கள் என்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள்.

முன்னால் உட்கார்ந்து பீடி பிடித்து முடித்த அவசரம், இறங்கி வந்து பார்த்தார்.

“ரெண்டும் நல்லா நனைஞ்சிருச்சு,” என்றார். “இனிமே கெளம்பலாமா?”

7

வீடு வந்தபோது அரிசியும் பருப்பும் உலர்ந்து இருந்தன. சர்க்கரைச் சிப்பத்தின் அடியிலிருந்து பாகு சொட்டியது. மாவு மூட்டையைத் தொட்டால் கை உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. வெயில் வர வழியில்லை. நாளைக்குள் மாவு புளித்துப்போகும்.

சின்னவள் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவள் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் அடுத்தவளுடையதைப் பார்த்தார்கள்.

“உன் அடுப்புல கேஸ் இருக்கா?”

“நேத்தே தீந்துருச்சு.”

“என் அடுப்பப் பத்த வை. நான் அண்டாவ எடுக்கறேன்.”

நனைந்த சர்க்கரையை நனைந்த மாவில் கொட்டிப் பிசைந்தார்கள். தட்டினார்கள், சுட்டார்கள், அடுக்கினார்கள். இடையிடையே சண்டை போட்டார்கள். தடிமனாகத் தட்டுகிறாய், தீயைக் குறை, அது வேகவில்லை, எனக்குத் தெரியும், என்ன தெரியும். ஒரு வருஷமாகச் சாத்தியிருந்த சின்னவளின் கதவு, புகை போவதற்காகத் திறக்கப்பட்டது. இனிப்பு ரொட்டி வாசனை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. தெரு உள்ளே வந்தது.

நானும் போனேன். நான்கு தின்றேன். மூலைக்கடைக்காரர்கூட வந்து நின்றபடி தின்றார்.

(இங்கே ஒரு நல்ல கதையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தின்ற வீடுகளெல்லாம் மறுநாள் ஆளுக்கொரு கிண்ணம் சர்க்கரையும் மாவும் கொண்டுவந்து கொடுக்கும், ஊர் மனசு பொன் மனசு என்று வாசகர் மூக்கைச் சிந்துவார். யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரே ஒருத்தி தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். மூலைக்கடைக்காரர் மறுநாள் சர்க்கரை விலையை ஏற்றினார். இந்தப் பக்கம் யாரிடமும் சர்க்கரை இல்லை என்று நேரில் வந்து தெரிந்துகொண்டு போனவர் ஆயிற்றே.)

ஆனால் அன்று சாயங்காலம் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஒரே பாயில் உருண்டு கிடந்தன. பெரியவள் அதைப் பார்த்தாள். சின்னவளும் பார்த்தாள். “நல்லாத்தான் வந்துருக்கு,” என்றாள் சின்னவள். “கொஞ்சம் தடிமன்,” என்றாள் பெரியவள்.

8

இனி ஆண்கள்.

டிராக்டர்காரரும் கொத்தனாரும் வீடு திரும்பியபோது, இருவர் மனைவியும் ஒரே அடுப்படியில் உரத்த குரலில் மோதிக்கொண்டிருந்தார்கள். யார் அண்டா தேய்ப்பது என்று. மறுநாளும் மோதினார்கள். சாமான் அறையில் பருப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று. அதற்கு மறுநாளும்.

ஒரு வருஷம் சத்தமில்லாமல் இருந்த வீடு. அந்த மௌனத்துக்கு அண்ணன் தம்பி இருவரும் நிம்மதி என்று பேர் வைத்திருந்தார்கள். இப்போது அது போய்விட்டது.

“இது அடிதடியில போய் நிக்கும்டா,” என்றார் டிராக்டர்காரர்.

“நடுவுல சொவரு வச்சிரலாம்ணே,” என்றார் கொத்தனார். அவருக்கு எந்தப் பிரச்சினைக்கும் சுவர்தான் மருந்து.

வீட்டுப் பெண்களிடம் கேட்டார்கள். கேட்டது கேட்டதுதான், அதை மறைக்கக் கூடாது.

“உங்க இஷ்டம்,” என்றாள் பெரியவள்.

“அக்கா சரின்னா எனக்கும் சரி,” என்றாள் சின்னவள்.

*அடிக்குறிப்பு: ‘உங்க இஷ்டம்’ என்ற சொல்லுக்கு நேர்ப் பொருள் கொள்கிற கணவன்மார்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுத உத்தேசம்.

சுவர் வந்தால் பெரியவள் பக்கம் காற்றில்லாமல் பூஞ்சை பிடிக்கும். சின்னவள் பக்கம் ஒழுகும். அது இருவருக்கும் தெரியும். அடுத்த வருஷம் முழு மூட்டையைப் பிரிக்கவும் முடியாது. அதுவும் தெரியும். ஆனால் வேண்டாம் என்று முதலில் சொல்கிறவள், எனக்கு அவள் வேண்டும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முறத்தை எடுத்தாள். அந்தப் பக்கம் சின்னவள் பாத்திரத்தைக் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

கொத்தனார் வேலையைத் தள்ளிப்போடாத ஆள். அன்றே செங்கல் இறங்கியது, கலவை போட்டார். பொழுது போவதற்குள் அறையின் நடுவே, முழங்கால் உயரத்துக்கு, நூல் பிடித்த மாதிரி ஒரு சுவர் எழுந்துவிட்டது. ‘மிச்சத்த நாளைக்கு முடிச்சிரலாம்,’ என்று கைகால் கழுவப் போனார். அவருடைய வேலையைக் குறை சொல்ல முடியாது. நல்ல சுவர். அரிசி மூட்டையை எந்தப் பக்கமும் சேராமல், தரை ஈரம் படாமல் அதன் மேலேயே பலகை போட்டுத் தூக்கி வைத்து, கூரை ஒழுகலுக்கு ஒரு பிளாஸ்டிக் தாளையும் போர்த்தியிருந்தார்கள்.

9

மறுநாள் காலையில் கொத்துக்கரண்டியைக் காணவில்லை.

“கரண்டி எங்க?” என்று கொத்தனார் கத்தினார்.

பெரியவள் அடுப்படியிலிருந்து ஒரு சமையல் கரண்டியை நீட்டினாள்.

“அது இல்லண்ணி. என் கரண்டி. செவுத்துக்குப் பூசுற கரண்டி.”

“அதெல்லாம் எனக்கென்ன தெரியும் தம்பி?”

மணலைக் கிளறினார்கள். கலவைச் சட்டியைக் கவிழ்த்தார்கள். அண்ணன் டிராக்டரில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று தம்பி சொன்னார். தம்பிக்குத் தலை இருக்கிற இடமே ஞாபகம் இருக்காது என்று அண்ணன் சொன்னார். புதிதாக வாங்கலாம் என்றால் தரைப்பாலம் விடியற்காலையிலேயே முழுகிவிட்டது. மூலைக்கடையில் சோப்பு உண்டு, ஊதுபத்தி உண்டு, கொத்துக்கரண்டி இல்லை. இருந்திருந்தால் அதன் விலையையும் ஏற்றியிருப்பார்.

சுவர் முழங்காலோடு நின்றது.

சில நாள் கழித்து, அரிசி அளக்கப் போன பெரியவளின் டம்ளர் மூட்டைக்குள் எதிலோ மோதி ‘ணங்’ என்றது. கையால் விலக்கினாள். மரப்பிடி தெரிந்தது. கீழே தகடு.

அந்த மூட்டைக்கு வருகிற கைகள் இரண்டே இரண்டு. ஒன்று தன்னுடையது. எதிர்ப்பக்கக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் சின்னவள் யாரிடமோ எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. பெரியவள் அரிசியை மெதுவாக அதன் மேல் தள்ளி மூடினாள். பக்கவாட்டிலிருந்து டம்ளரை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

(இங்கேதான் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. “அக்கா, அத வச்சதே நீங்கதானே?” என்று கேட்டேன்.

“நான் எதுக்கு வைக்கிறேன்? அவதான் வச்சிருப்பா.”

“ஆத்துல வீசியிருந்தா யாருக்கும் கிடைச்சிருக்காதே.”

“பொழைக்கிற சாமான யாராவது ஆத்துல போடுவாங்களா? அரிசிக்குள்ள இருந்தா துருப் பிடிக்காதுல்ல,” என்றாள். சொல்லிவிட்டு முறத்தை வேகமாகப் புடைத்தாள்.

சின்னவளிடமும் போனேன். “நான் வைக்கலண்ணே, அக்காதான்,” என்றாள். “ஆனா கலவையெல்லாம் நல்லாக் கழுவித் தொடச்சுத்தான் வச்சிருந்துச்சு. சாப்பிடற அரிசில்ல.”

இரண்டு பேரையும் நம்பினேன். வேறு வழி?)

10

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு மூன்று இருந்தன.

ஒன்றில், பெரியவள் எல்லோர் முன்னாலும் கரண்டியை எடுத்துக் கொடுத்து, சுவர் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிறாள். படித்துக் காட்டினேன். “நானா? அவ மூஞ்சிக்கு நேராவா?” என்று கேட்டு, என் முன்னால் வைத்திருந்த டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதைக் கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் அரிசி தீர்ந்து கரண்டி தானே வெளிப்பட்டு, சுவர் மேலே ஏறி, கதவுகள் மறுபடியும் சாத்திக்கொள்கின்றன. அதை எழுதுகிறபோது எனக்கே பிடிக்கவில்லை. மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம், அதில் ஒரு மின்னல் வருகிறது.

நடந்தவரைக்கும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் ஓடியது. இரண்டு வீடும் சர்க்கரையில்லாத டீ குடிக்கப் பழகின, கொத்தனார் சோறு கட்டிக்கொண்டு போகப் பழகினார். அரிசி மூட்டை நாளுக்கு நாள் தாழ்ந்தது. கரண்டியின் பிடி மேலே தலைநீட்டும், பெரியவள் மூடிவிட்டு வருவாள். மறுநாள் பார்த்தால் அது இன்னும் ஆழத்தில் புதைந்திருக்கும். வேறொரு கையும் அந்த வேலையைப் பார்த்திருந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், ஒரு நாள் ஒரே குழாயடியில் நின்று மூலைக்கடைக்காரரைச் சேர்ந்து திட்டினார்கள்.

மழை விட்ட ஒரு காலையில், பெரியவள் டம்ளரோடு தன் கதவைத் திறந்தாள். அதே நேரம் எதிர்க்கதவும் திறந்தது. சின்னவள் கையிலும் டம்ளர். முழங்கால் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் மூட்டை. மூட்டையில் அரிசி அடியோடு அடியாகக் கிடந்தது. மறைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கொத்துக்கரண்டி நீளவாக்கில், முழுசாக, துரு ஒரு பொட்டுகூட இல்லாமல் படுத்திருந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

அப்போது சின்னவளுக்குப் பின்னால், அவள் அடுப்படியிலிருந்து, கொத்தனாரின் குரல் வந்தது. “பாலம் தெரியுதாம். டவுனுக்குப் போறேன். புதுசா ஒரு கரண்டி வாங்கியாரணும். கடைசியா ஒரு தடவ கேக்கறேன், அங்க எங்கயாவது என் கரண்டி தட்டுப்பட்டுச்சா?”

ஒருத்தி, “இல்லையே,” என்றாள்.

இன்னொருத்தி, “இந்த மழைக்கு நல்ல கரண்டி கெடைக்காது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” என்றாள். சொல்லிக்கொண்டே அரிசிச் சாக்கின் வாயை இழுத்து மடித்தாள்.

யார் எதைச் சொன்னது என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். நீங்கள் உங்களுக்குப் பிடித்தவள் பெயருக்கு நேரே போட்டுக்கொள்ளுங்கள். கொத்தனார் அதைக் கேட்டும் டவுனுக்குப் போனாரா, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாரா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் தலையிட முடியாது. எனக்கு அந்த இரண்டு அடுப்படியிலும் டீ உண்டு.